வெள்ளைப் புடவையில் வென்ற குரல்: கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள்

முருகன் கோவில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினால், டி.எம்.சவுந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன் பாட்டுகளோடு ஓர் அம்மாவின் குரலும் கட்டாயம் கேட்கும். ஊரிகமானாலும் சரி, மாரிக்குப்பமானாலும் சரி, பெங்களூர் சிவாஜி நகரானாலும் சரி, அந்தக் குரலுக்குத் தனி மரியாதை உண்டு. கோபித்துக்கொண்டு பழனி மலை ஏறிவிட்ட பிள்ளையை ஒரு கிழவி சமாதானம் செய்யும் குரல் அது. கேட்டதும் கண்முன் வந்து நிற்பது ஒரே உருவம்தான். வெள்ளைப் புடவை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஊன்றுகோல்.

அந்த உருவத்துக்குச் சொந்தக்காரர் கே.பி.சுந்தராம்பாள். 1980-ல் காலமானார். குரல் மட்டும் இன்னும் ஓயவில்லை.

தமிழ் சினிமாவில் கதாநாயகிகள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். இளமையும் அலங்காரமும் இருந்தவரை சுவரொட்டியில் இருந்தார்கள். பிறகு அந்த இடத்தில் வேறு முகம் ஒட்டப்பட்டது. சுந்தராம்பாள் கதை நேர்மாறானது. 25 வயதில் அவர் பூவையும் பட்டையும் நகையையும் எடுத்து வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினார். அதற்குப் பிறகுதான் சட்டமன்ற மேலவைக்குப் போனார். அதற்குப் பிறகுதான் தேசிய விருது அவரைத் தேடி வந்தது.

பெண் என்றால் பார்ப்பதற்கு என்று நினைத்திருந்த கொட்டகைக் கூட்டத்தை உட்கார்ந்து கேட்க வைத்தவர் அவர். அதற்காக அவர் கொடுத்த விலை என்ன என்பதையும் அவருடைய வாழ்க்கையே சொல்கிறது.

ரயிலில் பாடிய சிறுமி

ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சி போகும் ரயில் பாதையில், காவிரிக் கரையில் இருக்கும் ஊர் கொடுமுடி. அப்போது கோவை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அங்கே 1908-ம் ஆண்டு சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். தந்தை சீக்கிரமே போய்விட்டார். ஒரு தம்பி, ஒரு தங்கை. வீட்டில் வறுமை. சிறுமிக்குச் சொத்தென்று இருந்தது தொண்டை ஒன்றுதான். ரயில் வண்டியில் பாடி, பயணிகள் கொடுத்த காசை வாங்கி வந்து வீட்டுக்குக் கொடுத்தாள்.

ரயில்வே அதிகாரியான எப்.ஜி.நடேச ஐயர் நாடகத்தில் பெரும் ஈடுபாடு கொண்டவர். திருச்சி ரசிக ரஞ்சன சபாவை உண்டாக்கியவர். அவர் காதில் அந்தக் குரல் விழுந்தது என்றும், அதுவே அந்தப் பெண்ணுக்கு மேடையைக் காட்டியது என்றும் சொல்வார்கள். வேலு நாயர் நாடகக் கம்பெனியில் இடம் கிடைத்தது. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் துடிக்கும் பிள்ளை வேடம் கொடுத்தார்கள். பசி அந்தக் குழந்தைக்குப் புதிதில்லை. கொட்டகையே கண் கலங்கியது.

அந்தக் காலத்தில் நாடகக்காரி என்பது ஒரு வசைச்சொல். மேடை ஏறும் பெண்ணைப் பார்க்கக் கூட்டம் டிக்கெட் வாங்கும். அவள் பாட்டுக்குக் கைதட்டும். ஆனால் அவளுக்கு வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்கும், அவளைக் குடும்பப் பெண் என்று ஒப்புக்கொள்ளாது. நாடக நோட்டீசில் நடிகனுக்குப் பாட்டுத் திறமையைச் சொல்வார்கள். நடிகைக்கு அழகையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போதுதான் டிக்கெட் விற்கும் என்பது கம்பெனிக்காரர்கள் கணக்கு.

கொழும்பு மேடையில் ஒரு ஜோடி

தமிழ்நாட்டு நாடகக்காரர்களுக்கு அன்று இலங்கை ஒரு முக்கியமான இடம். தேயிலைத் தோட்டங்களிலும் கொழும்பு நகரத்திலும் இருந்த தமிழர்கள் ஊர்ப்பாட்டு கேட்க ஏங்கிக் கிடந்தார்கள். பிழைக்கப் போன இடத்தில் சொந்த மொழிப் பாட்டு காதில் விழும்போது என்ன ஆகும் என்பதைத் தங்கவயல் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கொழும்பில் 1926-ல் சுந்தராம்பாள் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார். செங்கோட்டைக்காரரான கிட்டப்பா, மேல் ஸ்தாயியில் பாடினால் கொட்டகையின் கடைசி வரிசைவரை அதிரும் என்று பெயர் எடுத்தவர். அவருக்கு வயது 20. சுந்தராம்பாளுக்கு 18. வள்ளி திருமணத்தில் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு பாடினார்கள். அந்த ஜோடிக்காகவே கூட்டம் வந்தது.

மேடை நெருக்கம் வாழ்க்கை நெருக்கமாயிற்று. 1927-ல் இருவரும் மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு அதற்கு முன்பே ஒரு மனைவி உண்டு. ஜாதியும் வேறு. அவர் பிராமணர். அவர் வீட்டார் சுந்தராம்பாளை மனமார ஏற்கவில்லை. ஊருக்கும் அவர் கிட்டப்பாவின் மனைவி என்பதைவிடக் கிட்டப்பாவோடு நடிக்கிறவர் என்பதே வசதியாக இருந்தது. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. கணவர் வருவதும் பிரிவதுமாக இருந்தார். அந்தக் காலத்தில் சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் வெளியாயின. புகழின் உச்சியில் இருந்த ஒரு பாடகி, கணவர் வருவாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவற்றில் தெரிகின்றன.

25 வயதில் வெள்ளை

குடிப் பழக்கத்தால் கிட்டப்பாவின் உடம்பு கெட்டது. 1933 டிசம்பர் 2-ந் தேதி இறந்தார். வயது 27.

சுந்தராம்பாள் அன்றோடு நகைகளைக் கழற்றினார். வெள்ளைக் கதர்ப் புடவை உடுத்தினார். சில காலம் மேடைப் பக்கமே வரவில்லை. மீண்டும் வந்தபோது ஒரு முடிவோடு வந்தார். இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை. கடைசிவரை அந்த முடிவு மாறவில்லை.

இதைப் பதிவிரதைத்தனம் என்று புகழ்ந்தவர்கள் ஏராளம். புகழ்ச்சியோடு நிறுத்திக்கொண்டால் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போகும். கிட்டப்பா உயிரோடு இருந்தபோது சுந்தராம்பாளை மனைவி என்று ஒப்புக்கொள்ள ஊர் தயங்கியது. அவர் இறந்த பிறகு, கைம்பெண் கோலத்தை ஊர் அறிய உடுத்தியதன் மூலம், தான் அவருடைய மனைவிதான் என்பதைச் சுந்தராம்பாள் நிலைநாட்டிவிட்டார். தாலி கட்டிய நாளில் கிடைக்காத அங்கீகாரம் தாலி அறுத்த நாளில் கிடைத்தது. வாழும்போது இல்லாத மரியாதை வெள்ளைப் புடவையோடு வந்தது.

கைம்பெண் மறுமணத்துக்கு 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குள் சட்டம் நுழையவில்லை. ஆண் மனைவியை இழந்தால் அவன் சட்டையின் நிறம் மாறுவதில்லை. பெண்ணுக்கு மட்டும் நெற்றி, தலை, கழுத்து, கை, கால் என்று உடம்பு முழுதும் அறிவிப்புப் பலகை. மணமானவள் என்றும், மணமாகாதவள் என்றும், கணவனை இழந்தவள் என்றும் தெருவில் போகிறவர்கள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு லட்ச ரூபாய் நந்தனார்

பேசும் படம் வந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர், சுந்தராம்பாளைப் படத்தில் பாட வைத்தே தீருவது என்று வந்து நின்றார். தட்டிக் கழிப்பதற்காகத்தான் சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் கேட்டார் என்பார்கள். அன்று அது யாரும் நினைத்துப் பார்க்காத தொகை. அசன்தாஸ் ஒப்புக்கொண்டார்.

ஜோடி இல்லாத வேடம் வேண்டுமே, என்ன செய்வது? நந்தனார் வேடம் முடிவாயிற்று. 1935-ல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில், சிதம்பரம் போகத் துடித்த பண்ணையாள் நந்தனாராகச் சுந்தராம்பாளே நடித்தார். சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். மாணிக்லால் டாண்டன் இயக்கினார்.

படம் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. படத்தில் மரமும் மிருகங்களும்தான் நன்றாக நடித்திருப்பதாக ஆனந்த விகடனில் கல்கி கிண்டல் செய்தார். கிண்டல் படம் எடுத்த விதத்தைப் பற்றியதும்தான். ஆனாலும் ஒரு லட்சம் வாங்கிய பெண்ணை ஊர் அதற்குப் பிறகு அந்த லட்சத்தை வைத்தே பேசியது.

ஆணுக்குப் பட்டம்

இங்கே ஒரு ஒப்பீடு அவசியம்.

1942-ல் டி.கே.எஸ்.சகோதரர்கள் ஔவையார் நாடகத்தை மேடை ஏற்றினார்கள். ஔவைக் கிழவியாக நடித்தவர் டி.கே.சண்முகம். 30 வயது ஆண். அற்புதமாக நடித்தார் என்று தமிழகமே கொண்டாடியது. அவர் பெயரோடு ஔவை என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. அவர் காலமான பிறகும் ஔவை சண்முகம் என்றால்தான் தெரிகிறது. சென்னையில் அந்தப் பெயரில் சாலையே இருக்கிறது.

அவருக்கு அந்தப் பெருமை முழுக்கத் தகும். அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆண் ஒருவர் பெண் வேடம் போட்டால் அது கலை என்று பார்த்த அதே கண்கள், பெண் ஒருவர் ஆண் வேடம் போட்டபோது அவ்வளவு தாராளமாக இல்லை. சுந்தராம்பாளை நந்தனார் சுந்தராம்பாள் என்று யாரும் அழைக்கவில்லை. அதே 1942-ல் ஜெமினி எடுத்த நந்தனாரில் தண்டபாணி தேசிகர் நடித்தார். அந்த வேடம் அவருடையதாக நிலைத்துவிட்டது.

நாடக மேடையில் ஸ்திரீ பார்ட் என்று ஆண்கள் பெண் வேடம் போட்டு வந்தது நெடுங்கால வழக்கம். பெண்ணின் நடை, பெண்ணின் நாணம், பெண்ணின் அழுகை எப்படி இருக்க வேண்டும் என்று மேடையில் வகுத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். பிற்பாடு மேடை ஏறிய பெண்கள் அந்த அளவுக்குத் தங்களைப் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. தங்கள் உருவத்தையே பிறர் தைத்த சட்டையாகப் போட்டுக்கொண்டார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை.

பத்திரிகைகளின் பசி

சினிமா வளர்ந்ததும் சினிமாவைப் பற்றி எழுதும் பத்திரிகைகளும் வளர்ந்தன. நடிகரைப் பற்றி எழுதும்போது படம், பாட்டு, வசூல் என்று எழுதினார்கள். நடிகை என்றால் அவர் பருத்தாரா, மெலிந்தாரா, யாரோடு போனார், யார் வீட்டில் இருக்கிறார் என்று எழுதினார்கள்.

இந்த வியாபாரத்தின் உச்சம் சி.என்.லட்சுமிகாந்தன் நடத்திய சினிமா தூது. 1943-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகை நடிகர் நடிகைகளின் படுக்கையறைச் சங்கதிகளை அச்சடித்து விற்றது. சிலரிடம் பணம் வாங்கிக்கொண்டு எழுதாமலும் விட்டது. 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் கொலையுண்டார். எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் அந்த வழக்கில் சிறை சென்று, 1947-ல் விடுதலையானார்கள். பாகவதர் என்ன ஆனார், கலைவாணர் என்ன ஆனார் என்று அந்தக் கதை எத்தனையோ முறை சொல்லப்பட்டுவிட்டது. அந்தப் பத்திரிகையில் பெயர் கிழிக்கப்பட்ட பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

இப்படிப்பட்ட காலத்தில் சுந்தராம்பாளின் வெள்ளைப் புடவை அவருக்குக் கவசமாகவும் இருந்திருக்க வேண்டும். ஜோடி இல்லை, அலங்காரம் இல்லை, எனவே எழுதுவதற்கும் ஒன்றுமில்லை. மற்ற நடிகைகளுக்குக் கிடைக்காத பாதுகாப்பு அவருக்குக் கிடைத்தது. ஆனால் பாதுகாப்பு வேண்டுமானால் பெண் துறவிபோல் இருந்தாக வேண்டும் என்பது நியாயமான விதியா?

சந்திரலேகாவுக்குப் பின் ஔவையார்

ஜெமினி எஸ்.எஸ்.வாசன் 1948-ல் சந்திரலேகாவை வெளியிட்டார். முரசுகளின் மேல் ஆடும் பெண்கள், டி.ஆர்.ராஜகுமாரியின் அழகு, இந்தியா முழுவதும் விளம்பரம். பெண்ணின் இளமையைப் பிரம்மாண்டமாகக் காட்டிப் பணம் பண்ணலாம் என்று நிரூபித்த படம் அது.

அதே வாசன் ஐந்து வருடம் கழித்து, 1953-ல், நரைத்த தலையும் ஊன்றுகோலுமாக ஒரு கிழவியைக் கதாநாயகியாக்கி ஔவையார் எடுத்தார். கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். இளவயது ஔவையாகக் குசலகுமாரி வந்தார். படத்தைத் தாங்கி நின்றவர் சுந்தராம்பாள். காதல் ஜோடி இல்லாத அந்தப் படம் ஓடு ஓடென்று ஓடியது. குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். கிழவி வேடத்தில் ஒரு பெண், படத்தின் முழுப் பாரத்தையும் சுமந்து ஜெயித்தார்.

பாடம் என்ன? பெண்ணின் அழகைக் காட்டினால்தான் கூட்டம் வரும் என்பது ஜனங்கள் விதித்த நிபந்தனை கிடையாது. அது படம் எடுப்பவர்களின் பழக்கம். நல்ல கதையும் நல்ல குரலும் கொடுத்தால் ஜனங்கள் கிழவியையும் கொண்டாடுவார்கள்.

ஆனால் சினிமா அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. சந்திரலேகாவின் டி.ஆர்.ராஜகுமாரி 1922-ல் பிறந்தவர். தமிழ்நாட்டின் முதல் கனவுக்கன்னி. 1954-ல் மனோகராவில் கதாநாயகனுக்கு எதிரியான வசந்தசேனையாகிவிட்டார். அறுபதுகளின் தொடக்கத்தில் திரையை விட்டே விலகினார். அப்போது அவருக்கு நாற்பது வயதை ஒட்டித்தான் இருக்கும். 1917-ல் பிறந்த எம்.ஜி.ஆரோ 1978 ஜனவரியில் மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன் வெளிவரும்வரை கதாநாயகன்தான். அப்போது அவர் முதலமைச்சராகவும் ஆகிவிட்டிருந்தார். மக்கள் திலகத்துக்கு மக்கள் கொடுத்த அந்த அன்பில் குறை சொல்ல ஏதுமில்லை. அதில் கால் பங்கு பொறுமையாவது அவரோடு நடித்த பெண்களுக்கும் காட்டப்பட்டிருக்கலாம் என்பதுதான் குறை.

வேடங்கள் பல, கதை ஒன்று

சுந்தராம்பாள் ஏற்ற முக்கியமான வேடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது.

1940-ல் மணிமேகலை. மாதவியின் மகள். அழகி. இளவரசன் பின்னால் அலைகிறான். அவள் துறவியாகி, கையில் அமுதசுரபி ஏந்தி, பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள்.

1953-ல் ஔவையார். கல்யாணப் பேச்சு வருகிறது. அந்தப் பெண் பிள்ளையாரிடம் போய் அழுது, தன் இளமையை எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறாள். கிழவியாகிறாள். பிறகுதான் ஊர் ஊராகப் போகவும், அரசர்களுக்குப் புத்தி சொல்லவும், தமிழ் பாடவும் அவளுக்கு வழி பிறக்கிறது.

1964-ல் பூம்புகார் படத்தில் கவுந்தி அடிகள். கண்ணகிக்கும் கோவலனுக்கும் வழித்துணையாக வரும் சமணத் துறவி. கதை வசனம் கலைஞர் மு.கருணாநிதி. காங்கிரஸ் மேடைகளில் பாடி வந்த சுந்தராம்பாள் தி.மு.க. தலைவர்களில் ஒருவரின் வசனத்தைப் பேசினார். கலைக்காகக் கட்சி வேலி தாண்டியது அப்போது பெரிய செய்தி.

1973-ல் காரைக்கால் அம்மையார். புனிதவதியாக இளம் வயதில் லட்சுமி. அம்மையாராகச் சுந்தராம்பாள். கணவன் பயந்து விலகி வேறு ஊரில் வேறு பெண்ணை மணந்துகொள்கிறான். அவனுக்காகத் தாங்கிய தசையழகு இனி எதற்கு என்று புனிதவதி சிவபெருமானிடம் முறையிட்டு, பேய் உருவம் கேட்டு வாங்குகிறாள். அந்தப் பேய் உருவத்தோடுதான் கயிலைக்குத் தலையால் நடக்கிறாள். அம்மையார் என்ற பெயரும் அப்போதுதான்.

நான்கு பெண்கள். நால்வரும் அழகையோ இல்வாழ்வையோ விட்ட பிறகுதான் பேச ஆரம்பிக்கிறார்கள். வள்ளுவருக்கோ கம்பருக்கோ இப்படி ஒரு நிபந்தனையை எந்தக் கதையும் வைக்கவில்லை. இளமையோடும் மனைவியோடும் இருந்துகொண்டே அவர்கள் பாடலாம். பெண் பாட வேண்டுமானால் முதலில் கிழவியாக வேண்டும், இல்லாவிட்டால் பேயாக வேண்டும். பார்க்கிற கண்ணைத் திருப்பினால்தான் கேட்கிற காது திறக்கும் என்று நம் பழைய கதைகளே கண்டு வைத்திருக்கின்றன. அந்தக் கதைகளை நடித்தவர் அதே கதையைத் தன் வாழ்க்கையிலும் வாழ்ந்தார்.

மேலவையும் விருதும்

சத்தியமூர்த்தி போன்ற தலைவர்களின் ஊக்கத்தால் சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். சுதந்திரப் போராட்டப் பாடல்களை இசைத்தட்டுகளிலும் பாடினார். பேச்சாளர் பேசுவதற்கு முன் அவர் ஒரு பாட்டுப் பாடினால் போதும், கூட்டம் நிறைந்துவிடும். 1951-ல் சென்னை சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் கால் வைத்த முதல் சினிமாக் கலைஞர் அவர்தான். அவருக்குப் பின்னால் தமிழ்நாட்டில் சினிமாவிலிருந்து அரசியலுக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அந்தக் கதவை முதலில் திறந்தது கொடுமுடியில் பிறந்த ஒரு பெண்ணின் கை.

1965-ல் திருவிளையாடல் வந்தது. ஔவையாக மீண்டும் திரையில் தோன்றினார். 1969-ல் வந்த துணைவன் படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த விருது தொடங்கி பி.சுசீலாவுக்குப் போயிருந்தது. 61 வயதில் பாடி வாங்கிய விருது அது. 1970-ல் பத்மஸ்ரீ. கொடுமுடி கோகிலம் என்ற பெயரோடு 1980-ல் கண்ணை மூடினார். கிட்டப்பா போய் ஏறக்குறைய 47 வருடம் ஆகியிருந்தது. அத்தனை வருடமும் அதே வெள்ளைதான்.

தங்கவயலின் வெள்ளைப் புடவைகள்

இந்த வாழ்க்கையைத் தங்கவயல்காரர்கள் படிக்கும்போது வேறு சில முகங்களும் ஞாபகத்துக்கு வரும்.

மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கங்கள் இவை. பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. கல்தூசி நெஞ்சில் இறங்கி இருமி இருமிச் செத்தவர்கள் அதைவிட அதிகம். லைன் வீடுகளில் இருபது வயதிலும் இருபத்தைந்து வயதிலும் கைம்பெண் ஆனவர்கள் எத்தனையோ பேர். காரியத்தன்று நாலு பேர் நடுவில் உட்கார வைத்துப் பூவை எடுத்தார்கள், பொட்டை அழித்தார்கள், வளையலை உடைத்தார்கள். அந்தப் பெண்களும் சுந்தராம்பாள் வயதுக்காரர்கள்தான். அவர்களுடைய வெள்ளைப் புடவைக்கு லட்ச ரூபாய் வரவில்லை, மேலவை வரவில்லை. கல்யாண வீட்டில் ஓரமாக நிற்கும் இடம்தான் வந்தது. காலையில் வேலைக்குப் போகிறவன் எதிரே வரக்கூடாது என்ற ஏச்சும் வந்தது.

ஆகவே சுந்தராம்பாளைக் காட்டி இன்னொரு பெண்ணை அடக்க யாருக்கும் உரிமை இல்லை. அவர் வெள்ளை உடுத்தியது அவருடைய முடிவு. வேறு எந்த வழியும் திறந்திராத காலத்தில் எடுத்த முடிவு. ஊர் தன் மேல் எறிந்த துணியையே அவர் கொடியாக்கிப் பிடித்தார். அது அவருடைய கெட்டிக்காரத்தனம். அதைக் கொண்டு அந்தத் துணி நல்ல துணி என்று வாதிட முடியாது.

இன்றைய அலங்காரம்

2001-ல் மைன்ஸ் மூடிய பிறகு தங்கவயலின் பிழைப்பு ரயிலில்தான் ஓடுகிறது. மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் ஸ்டேஷன்களில் விடியற்காலையில் ஏறிப் பெங்களூர் வேலைக்குப் போகிறவர்களில் பெண்கள் ஏராளம். அவர்களில் கணவனை இழந்தவர்களும் இருக்கிறார்கள், விட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். பொட்டு வைத்துக்கொண்டு கலர்ப் புடவையிலோ சுடிதாரிலோ போகிறார்கள். ஒரு காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத மாறுதல். அந்த அளவுக்கு உலகம் முன்னேறியிருக்கிறது.

ஆனால் அளவுகோல் வேறு உருவில் வந்துவிட்டது. 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி என்ற பெயரில் ஒரு முகக் களிம்பு வந்தது. கறுப்பான பெண்ணுக்கு வரன் அமையாது, வேலை கிடைக்காது, அதைப் பூசிச் சிவந்ததும் எல்லாம் கைகூடும் என்று அதன் விளம்பரங்கள் பல வருடம் வீட்டுக் கூடத்தில் வந்து சொல்லிக்கொண்டிருந்தன. 2020-ல் எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் பெயரிலிருந்து சிவப்பைக் குறிக்கும் சொல்லை எடுத்தார்கள். வெயிலிலும் தூசியிலும் உழைத்த பரம்பரையில் வந்த பிள்ளைகள், சொந்த நிறத்துக்கு வெட்கப்பட வேண்டும் என்று காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். படங்களிலோ கதாநாயகன் கறுப்பாக, தாடியோடு, நடுவயதில் வரலாம். அவன் துரத்தும் பெண் மட்டும் வெளுப்பாக, மெலிதாக, இருபது வயதில் இருக்க வேண்டும்.

அன்று துக்கத்தைக் காட்ட வெள்ளை. இன்று அழகைக் காட்ட வெள்ளை. இரண்டுமே பெண் தோலின் மேல் பிறர் எழுதும் எழுத்துத்தான்.

சுந்தராம்பாளின் வெற்றி பெரிய வெற்றி. ரயிலில் காசுக்குப் பாடிய பெண், அலங்காரம் இல்லாமல், ஜோடி இல்லாமல், குரலை மட்டும் வைத்துக்கொண்டு தன்னைக் கேட்காமல் இருக்க முடியாதபடி செய்துவிட்டார். ஆனால் அவர் பாட்டைக் கேட்டுக் கைகூப்புகிறவர்களுக்கு ஒரு கடமை மிச்சம் இருக்கிறது. வீட்டில் ஒரு மகளோ மருமகளோ பேச வாயெடுக்கும்போது, அவள் எப்படி இருக்கிறாள், என்ன உடுத்தியிருக்கிறாள் என்று பார்ப்பதற்கு முன்னால், என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டும். கேட்பதற்காக அவள் கிழவியாகும்வரை காத்திருக்க வேண்டாம்.